தொப்பியின் வரலாறு

முஸ்லிம்களைப் பற்றித் தமிழர் வீடுகளிலும் கடைத்தெருக்களிலும் ஆசிரியர் ஓய்வறைகளிலும் அன்றாடம் வழங்கும் சொற்களை ஒருவர் பொறுமையுடன் தொகுப்பாராயின் அத்தொகுப்பு நமக்குப் பெருமை தருவதாக இராது. ‘தொப்பி பிரட்டி’ என்பது அவற்றுள் மிகப் பழக்கமானது. பகைமையோடு சொல்பவரும் உளர். வேடிக்கையாகச் சொல்பவரே பெரும்பாலோர். கற்றோரும் சொல்கின்றனர், முற்போக்குக் கருத்துடையோர் எனத் தம்மைக் கூறிக்கொள்வோரும் நாவடக்கமின்றிச் சொல்லிவிட்டு, அது வெறும் பேச்சுவழக்கு என்று அமைதி கூறுகின்றனர். பேச்சுவழக்கு வானத்திலிருந்து விழுவதன்று. ஒவ்வொரு வசைச்சொல்லுக்கும் பிறப்பிடம் உண்டு; அதனை வளர்த்தவர் உளர்; அதனாற் பயனடைந்தவரும் உளர். அவர்களைத் தேடிச் செல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொப்பியிலிருந்தே தொடங்குவோம். 1905ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வழக்கறிஞர் எம். சி. அப்துல் காதர் துருக்கித் தொப்பி அணிந்து கொழும்பு உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் லேயார்ட் அதனை ஏற்க மறுத்தார். ஐரோப்பியர் வழக்கப்படி தொப்பியைக் கழற்றுதல் வேண்டும், அன்றேற் கீழைத்தேய வழக்கப்படி சப்பாத்தைக் கழற்றுதல் வேண்டும் என்பது குடியேற்ற நீதிமன்றின் நியாயம். அப்துல் காதர் இரண்டையும் கழற்ற மறுத்தார். அவ்வாண்டின் இறுதி நாளன்று மருதானையிலே முஸ்லிம்கள் பெருந்தொகையாகக் கூடித் தம் எதிர்ப்பைத் தெரிவித்தனர். இறுதியில் அவ்வுரிமையை ஆட்சியாளர் ஏற்க நேர்ந்தது. அன்னிய ஆட்சியின் உச்ச மன்றத்திலே, சின்னமாயினும் சுயமரியாதையின் பொருட்டு, தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்று நின்றவர் யாழ்ப்பாணத்துத் தமிழ் பேசும் முஸ்லிம் ஒருவர். நமது பேச்சுவழக்கு அந்தத் தொப்பியை நினைவில் வைத்திருக்கவில்லை. பிரட்டப்பட்ட தொப்பியை மட்டுமே வைத்திருக்கிறது.

இந்த மறதி தற்செயலானதன்று. அதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே சட்டநிருபண சபையில் ஒரு விவாதம் எழுந்திருந்தது. முஸ்லிம் விவாகப் பதிவு பற்றி 1885ஆம் ஆண்டிலே பேசிய பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தாற் தமிழர், மதத்தால் மட்டுமே முகம்மதியர் என வாதிட்டார். 1888 ஏப்ரல் மாதத்தில் ரோயல் ஆசியச் சங்கத்தின் இலங்கைக் கிளையிலே இக்கருத்தையே ஆய்வுக் கட்டுரையாக விரித்துரைத்தார். சோனகர் தமிழ் பேசுகின்றனர். அவர்தம் திருமணச் சடங்குகளிலே தாலியும் பிறவும் உள்ளன. உடலமைப்பிலும் வேறுபாடு இல்லை என்பன அவர் காட்டிய சான்றுகள். 1907ஆம் ஆண்டிலே ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் இதற்கு விரிவான மறுப்பொன்றை நூலாக வெளியிட்டார். அராபிய வணிகரின் வழித்தோன்றல்களே சோனகர் என்றும், மொழியை வைத்து இனத்தைத் துணிவது தவறென்றும் அவர் வாதிட்டார்.

இவ்விவாதம் நமது பாடசாலைகளிற் கற்பிக்கப்படுவதில்லை. ஆயினும் இன்று நம் வீடுகளிலே வழங்கும் பேச்சின் பாதி இதிலிருந்தே பிறந்தது. ஆகவே சற்று நின்று நோக்குதல் தகும். இராமநாதன் குறிப்பிட்ட சடங்குகளும் மொழியும் உண்மையே. மட்டக்களப்புப் பகுதியிலே தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடி முறையைப் பொதுவிற் கொண்டுள்ளனர். மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே வாழவிடும் வழக்கமும் இரு சாராருக்கும் பொதுவே. ஆலயத்திலே குடிகளின் சார்பில் வண்ணக்கர் இருப்பது போலப் பள்ளிவாசலிலே குடிகளின் சார்பில் மரைக்கார் இருந்தார். இவையெல்லாம் இரு மக்கள் பல நூற்றாண்டுகள் அடுத்தடுத்து வாழ்ந்ததன் சுவடுகள். ஆயின் இராமநாதன் இவற்றை எடுத்துக்காட்டியது நட்புறவை வளர்க்கவோ? அக்காலத்திலே தமிழ் பேசுவோர் அனைவருக்குமாகச் சபையில் நியமனம் பெற்றிருந்த உறுப்பினர் அவரே. முஸ்லிம்களுக்குத் தனியாக ஓர் இடம் வழங்குவது பற்றிய பேச்சு எழுந்திருந்த வேளையது. நீங்களும் நாங்களும் ஒன்று என்ற கூற்றுக்குள்ளே, ஆகவே உங்களுக்குத் தனிக்குரல் எதற்கு என்ற வினாவும் அடங்கியிருந்தது என்று முஸ்லிம்கள் ஐயுற்றதில் வியப்பில்லை. 1889ஆம் ஆண்டிலே முஸ்லிம்களின் முதல் உறுப்பினராக எம். சி. அப்துல் ரகுமான் நியமிக்கப்பட்டார்.

அஸீஸ் அவர்களின் மறுப்பிலும் நாம் முழுதும் உடன்பட இயலாது. அராபியக் குருதி என்ற வாதம் கொழும்பு, பேருவளை வணிகக் குடும்பங்களின் பெருமைக்கு ஏற்றதாயிருந்தது. அக்கரைப்பற்றிலே வயலுழுத முஸ்லிம் விவசாயியின் வாழ்வை அது விளக்கவில்லை. இரு சாராரும் ஐரோப்பியரிடமிருந்து கற்ற ‘இனம்’ என்ற அளவுகோலையே கையிலெடுத்து, மண்டையோட்டையும் மூக்கையும் அளந்துகொண்டிருந்த காலமது. ஒரு மக்கட் கூட்டம் தன்னை எவ்வாறு உணர்கிறது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அக்கூட்டத்திற்கே உரியது என்ற எளிய நியாயம் அன்றைய கற்றோர் எவர்க்கும் தோன்றவில்லை. நமக்கு அது தோன்றுதல் வேண்டும். ஏனெனில் சிங்களப் பேரினவாதம் நம்மைப் பற்றி இதே வகையிலே பேசும்போது நாம் அதன் அநியாயத்தை உடனே உணர்ந்துகொள்கிறோம்.

‘தொப்பி பிரட்டி’ என்ற சொல் அரசியலிற் பெருவழக்குப் பெற்றமை இந்த ‘நம்மவர்’ வாதத்தின் மறுபக்கமே. நம்மவர் என்று முதலில் உரிமை கொண்டாடினாலன்றோ, பின்னர் துரோகி என்று தூற்ற முடியும்! 1956 தேர்தலிலே தமிழரசுக் கட்சியின் சார்பிற் கல்முனையில் எம். எஸ். காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் வெற்றி பெற்றனர். பின்னர் கட்சி மாறினர். அதே ஆண்டிலே தனிச்சிங்களச் சட்டத்தைக் கொழும்பு முஸ்லிம் தலைவர் ராசிக் பரீத் ஆதரித்தார். இவை நிகழ்ந்தவை, மறைக்க வேண்டியதில்லை. ஆயின் 1948ஆம் ஆண்டை நோக்குவோம். மலையகத் தமிழ்த் தொழிலாளரின் குடியுரிமை பறிக்கப்பட்ட அதே ஆண்டிலே, அதனைப் பறித்த அரசாங்கத்தில் அமைச்சராகச் சேர்ந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம். தமிழர் விடுதலைக் கூட்டணியின் மட்டக்களப்பு உறுப்பினர் செ. இராசதுரை 1979இல் ஐக்கிய தேசியக் கட்சியிற் சேர்ந்து அமைச்சரானார். இவர்களுடைய செயலைக் கண்டித்த தமிழர் பலர். ஆயினும் இவற்றைக் கொண்டு தமிழர் அனைவரையும் சுட்டும் ஒரு வசைச்சொல்லை எவரும் ஆக்கவில்லை. ஒரு தமிழன் கட்சி மாறினால் அது அவனுடைய சந்தர்ப்பவாதம். ஒரு முஸ்லிம் கட்சி மாறினால் அது அவனுடைய சமூகத்தின் குணம். தப்பெண்ணம் என்பதற்கு இதனினும் தெளிவான வரைவிலக்கணம் நமக்குத் தெரியாது.

தென்மேற்கிலே சிங்களவர் நடுவிற் சிதறி வாழும் முஸ்லிம் வணிகனின் அச்சமும், கிழக்கிலே தமிழ்க் கிராமத்தின் எல்லையில் நெல் விதைக்கும் முஸ்லிம் விவசாயியின் தேவையும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைக் காணாது இருவரையும் ஒரே தொப்பிக்குள் அடக்குபவர் சமுதாயத்தை வர்க்கக் கண்கொண்டு நோக்கப் பழகாதவர்.

இனி ‘வந்தேறிகள்’ என்ற மற்றொரு சொல். சிங்களத் தீவிரவாதிகள் நம்மை நோக்கி வீசும் அதே கல்லை நாம் எடுத்து முஸ்லிம்கள் மீது எறிகின்றோம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வரலாறு கூறுவது யாது? 1344ஆம் ஆண்டிலே இபுன் பதூதா என்னும் மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இத்தீவுக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். யாழ்ப்பாண மன்னர் பாரசீக மொழி அறிந்தவராக இருந்தார் என்று அவர் எழுதியுள்ளார். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க விரும்பிய அந்த முஸ்லிம் யாத்திரிகருக்கு யோகியர் நால்வரையும் பிராமணர் மூவரையும் துணையாக அனுப்பி, பல்லக்கும் சுமைகாரரும் கொடுத்து மன்னர் உதவினார். இன்னொரு செய்தியையும் இபுன் பதூதா குறித்துள்ளார்: இந்தியாவிலே பிற சமயத்தார் முஸ்லிம்களுக்குத் தம் பாத்திரங்களில் உணவளிப்பதில்லை, இத்தீவினரோ முஸ்லிம் பக்கீர்களைத் தம் வீடுகளில் இருத்தி உணவளிக்கின்றனர் என்பது அது. அறுநூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர் வந்த ஒரு வழிப்போக்கன் நம் முன்னோருக்கு வழங்கிய நற்சான்றிதழ் அது.

காலியிற் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு நூதனசாலையிலுள்ள 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒரே கல்லிலே சீனத்திலும் தமிழிலும் பாரசீகத்திலும் பொறிக்கப்பட்டது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வையும் போற்றுகின்றன. போர்த்துக்கேயர் வருகைக்கு நூறாண்டுகளுக்கு முன்னர் இக்கரையிலே முஸ்லிம்கள் அந்தளவுக்கு நிலைபெற்றிருந்தனர். போர்த்துக்கேயர் 1626இல் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் அளித்து, ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான். ஒல்லாந்தரோ பல தலைமுறைகளாக இங்கேயே பிறந்து வளர்ந்த சோனகரைச் செட்டிகளோடு சேர்த்து அன்னியர் என வகைப்படுத்தி, ‘ஊழியம்’ என்ற கட்டாய வேலையை அவர்கள்மீது சுமத்தினர். வணிகத்தில் தமக்குப் போட்டியாக இருந்தோரை ஒடுக்குவதே அதன் உள்நோக்கம். வந்தேறி என்ற சொல்லுக்குச் சட்ட வடிவம் கொடுத்தவர் உண்மையான வந்தேறிகளே.

ஆயினும் குற்றம் முழுவதையும் ஐரோப்பியர் தலையிற் சுமத்தி நாம் தப்பிக்கொள்ள இயலாது. ஒல்லாந்தர் காலத்திலே மயில்வாகனப் புலவர் எழுதிய ‘யாழ்ப்பாண வைபவமாலை’ ஒரு செய்தியைக் கூறுகிறது. நல்லூர்ப் பகுதியிலே குடியிருந்த சோனகரை அகற்றும்பொருட்டு அங்கிருந்த தமிழர் அவர்தம் கிணறுகளிலே பன்றியிறைச்சியை இட்டனர். தண்ணீருக்கு வழியற்ற மக்கள் இடம்பெயர்ந்து நாவாந்துறைப் பக்கம் சென்றனர். நூலாசிரியர் இதனைப் பழிச்செயலாகவும் சொல்லவில்லை, புகழ்ச்செயலாகவும் சொல்லவில்லை. ஒரு காரியம் நடந்தது என்ற அளவிற் சொல்லிச் செல்கின்றார். அந்த அமைதியே நம்மை அதிரச் செய்கின்றது. கோயிலின் தூய்மை, தண்ணீரின் தூய்மை என்ற எண்ணம் எந்த மனநிலையிற் பிறந்தது என்பதை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினனுக்குக் கிணற்றை மறுத்த கையே சோனகனின் கிணற்றை அழுக்காக்கிற்று. 1960களின் பிற்பகுதியிலே தேநீர்க் கடைகளிலும் ஆலய வாயில்களிலும் நம் இளைஞர் தீண்டாமையை எதிர்த்து நின்றபோது அடித்து நொறுக்க முயன்றதும் அக்கையைத்தான். அப்போராட்டத்தின் வீரத்தைப் பாராட்டும் நாம், அந்த மனநிலையின் மற்றொரு கிளை முஸ்லிம் வீட்டுத் தேநீரை மறுக்கும் வழக்கத்திலே இன்னும் தழைத்திருப்பதைக் கண்டும் காணாதிருக்கிறோம்.

கிணற்றிலிருந்து 1990க்குத் தூரம் அதிகமில்லை. அவ்வாண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் ஒலிபெருக்கி அறிவித்தல் மூலம் ஜின்னா மைதானத்துக்கு அழைக்கப்பட்டனர். இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு நீங்க வேண்டுமென விடுதலைப் புலிகள் கட்டளையிட்டனர். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. சில நூறு ரூபாய்களோடு மக்கள் வெளியேறினர். அவ்வொக்டோபரிலே வடக்கின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர். அதற்கு முன்னர், ஓகஸ்ட் 3ஆம் நாள், காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தனர். கிழக்கிலே 1985 முதல் அரசு ஒரு சமூகத்தின் கையில் ஆயுதத்தைக் கொடுத்து மறு சமூகத்தின்மீது ஏவியமையும், வீரமுனை போன்ற தமிழ்க் கிராமங்கள் முஸ்லிம் ஊர்காவற் படையினரின் பங்குபற்றுதலோடு அழிவுற்றமையும் உண்மையே. ஆனால் ஐந்து சந்தியிலே தையற் பொறியோடு வாழ்ந்த ஒரு தொழிலாளி, வீரமுனையில் நடந்ததற்கு எவ்வாறு பொறுப்பாவான்? ஒரு சமூகம் முழுவதையும் ஒரே உடலாகக் கருதும் பார்வைக்கே இக்கணக்குப் பொருந்தும்.

துவக்கை ஏந்தியவர் சிலரே. அயலவர் பலர் கண்ணீர் விட்டனர் என்பதையும், திறப்புகளை வாங்கிப் பாதுகாத்தோர் இருந்தனர் என்பதையும் நாம் அறிவோம். ஆயின் கதவு நிலைகளையும் ஓடுகளையும் கழற்றிச் சென்றோரும் நம்மவரே. அவற்றை மலிவு விலைக்கு வாங்கியோரும் நம்மவரே. இத்துணை பெரிய அநீதி இத்துணை குறைந்த எதிர்ப்போடு நிறைவேறியமைக்கு அச்சம் ஒரு காரணம். பல தலைமுறைகளாக நாவிற் பழகிய வசைச்சொற்கள் மற்றொரு காரணம் என்றே நாம் கருதுகிறோம். 2002 ஏப்ரலிற் கிளிநொச்சியில் நடந்த பத்திரிகையாளர் மாநாட்டிலே வெளியேற்றம் தவறென ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறை புத்தளத்து ஓலைக் கொட்டில்களிலே பிறந்து வளர்ந்துவிட்டது. போர் ஓய்ந்த பின்னரும் மீண்டு வந்தோர் ஒரு பகுதியினரே. அவர்கள் காணிப் பத்திரமும் வீட்டுத் திட்டமும் கேட்டுக் கந்தோர்களின் படிகளில் ஏறி இறங்கியபோது, ‘புத்தளத்திலும் வீடு, இங்கும் வீடா’ என்று முணுமுணுத்தவர் இருந்தனர். துரத்தப்பட்டவனிடமே அவன் துரத்தப்பட்ட இடத்தைச் சுட்டிக்காட்டி வாயடைக்கும் திறமை பாராட்டுக்குரியதுதான்!

‘முஸ்லிம் என்றால் வியாபாரி’ என்ற எண்ணத்தையும் விரைவிற் பார்த்துவிடுவோம். 1915 மே மாத இறுதியிற் கண்டியிலே தொடங்கிய கலவரத்தில், அரசாங்கக் கணக்கின்படியே 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 சேதமுற்றன. 4,000க்கு மேற்பட்ட கடைகள் சூறையாடப்பட்டன. போர்க்கால விலையேற்றத்தால் வாடிய ஏழை மக்களின் சினம், கண்முன்னே தெரிந்த கரையோரச் சோனகரின் சில்லறைக் கடைமீது திருப்பிவிடப்பட்டது. பெருந்தோட்டங்களையும் வங்கிகளையும் கப்பல்களையும் வைத்திருந்த பிரித்தானிய முதலாளி கண்ணுக்குத் தெரியவில்லை. கடையை இழந்தவன் போட்டியிலிருந்து நீங்கியதும் அவ்விடத்தை நிரப்பக் காத்திருந்த உள்ளூர் வணிகரும் இருந்தனர். பின்னர் இராணுவச் சட்டத்தின் கொடுமையை எதிர்த்து இராமநாதன் துணிவோடு வாதாடினார். சிங்களத் தலைவர்கள் அவரது வண்டியைத் தாமே இழுத்துச் சென்றனர். அவர் எதிர்த்த கொடுமை மெய்யே. எனினும் கடை எரிந்த முஸ்லிமுக்காகத் தமிழ்த் தலைமையிலிருந்து அதே உரத்தில் ஒரு குரல் எழவில்லை. முஸ்லிம்கள் அதனை இன்றுவரை மறக்கவில்லை. மருதமுனையிலே கைத்தறி நெய்வோரையும், மூதூரிலும் கிண்ணியாவிலும் வலை இழுப்போரையும், சம்மாந்துறைக் களவெட்டியிலே பொலி தூற்றுவோரையும் காணாதவருக்கே ‘முஸ்லிம் என்றால் வியாபாரி’ என்பது உண்மையாகத் தோன்றும்.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2018 பெப்ரவரியில் அம்பாறையிலே முஸ்லிம் உணவகம் ஒன்றிற் கருத்தடை மாத்திரை கலந்த உணவு விற்கப்படுவதாக வதந்தி பரப்பப்பட்டு, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது மாவுக் கட்டி என்று தெரிந்தது. வதந்தியைக் கட்டியவர் சிங்களத் தீவிரவாதிகள். ஆனால் தமிழ்ப் பட்டதாரிகள் சிலரும் அதனைக் கைப்பேசியிற் பகிர்ந்தனர். அதே ஆண்டு ஏப்ரலிலே திருகோணமலையில் இந்து மகளிர் பாடசாலையொன்றிலே முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா அணிந்து வரலாகாது, சேலையே நமது பண்பாடு என்று எதிர்ப்புக் கிளம்பியது. அபாயா அராபிய நாட்டு உடை, நேற்று வந்தது என்று வாதிட்டோர், தம் பிள்ளைகள் அணியும் சீருடை எங்கிருந்து வந்தது என்று எண்ணிப் பார்த்திலர். பெண் என்ன உடுக்க வேண்டும் என்பதை அவளைத் தவிர அனைவரும் தீர்மானிக்கும் கொடுமையை, முஸ்லிம் சமூகத்தினுள்ளும் நாம் எதிர்க்கத்தான் வேண்டும். அவ்வெதிர்ப்பை அச்சமூகத்துப் பெண்களோடு நின்று செய்வது வேறு. பாடசாலை வாயிலிலே அவர்களை மறித்து நிற்பது வேறு. 2020 வசந்தம் முதல் 2021 பெப்ரவரி வரை, மருத்துவ ஆதாரம் எதுவுமின்றி, கொரோனாவால் இறந்த முஸ்லிம்களின் உடல்கள் கட்டாயமாக எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாளான சிசுவையும் விடவில்லை. அப்போது வடக்கு கிழக்கிலே தமிழர் சிலர் முஸ்லிம்களோடு சேர்ந்து எதிர்த்தமை நமக்கு ஆறுதல் தருவது. அரசாங்கம் 2024 ஜூலையிலே மன்னிப்புக் கோரியது.

ஆசிரியராயுள்ள நம் வாசகர்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறோம். சித்தி லெப்பை 1885இல் வெளியிட்ட ‘அசன்பேயுடைய சரித்திரம்’ இலங்கையின் முதற் தமிழ் நாவல். தமிழின் முதல் நாவலுக்கு ஆறே ஆண்டுகள் பிந்தியது. ஆசிரியர் கண்டியிற் பிறந்தவர். ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை 1882இல் நிறுவியவர். பரீட்சைக்குரிய விடையாக இந்நாவலின் பெயரை எழுதும் நம் மாணவருள் எத்தனை பேர் அதனைக் கண்ணாற் கண்டிருக்கின்றனர்? ஏ. எம். ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையிற் பிறந்து, வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்று, இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் முஸ்லிமாகி, பின்னர் கொழும்பு ஸாகிராக் கல்லூரியின் அதிபரானவர். கல்முனையிலே அதிகாரியாக இருந்த காலத்தில் சுவாமி விபுலாநந்தரின் நட்பைப் பெற்றவர். அவர் அதிபராயிருந்த ஸாகிராவிலே கற்றவருள் ஒருவர் கார்த்திகேசு சிவத்தம்பி. மரகதம் என்ற முற்போக்கு ஏட்டை 1961இல் நடத்திய இளங்கீரனின் இயற்பெயர் சுபைர் என்பதும் நம்மிற் பலருக்குத் தெரியாது. அவருடைய கதைகளிலே வரும் தொழிலாளரின் மதத்தை அவர் ஒருபோதும் நம்மிடம் கேட்கவைக்கவில்லை.

இவற்றைச் சொல்லிக்கொடுப்பதற்குப் புதிய பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நல்லூர்க் கிணற்றைப் பற்றிய வைபவமாலைப் பகுதியை ஒரு பாடவேளையிலே மாணவர் முன் வாசித்து, அக்கிணற்றில் நீர் அள்ள வந்த பெண்ணின் நிலையிலிருந்து அதனை மீண்டும் எழுதும்படி கேட்கலாம். ஓய்வறையிலே சக ஆசிரியர் ஒருவர் தொப்பியைப் பற்றி வேடிக்கையாகப் பேசும்போது, ‘எந்தத் தொப்பி, 1905ஆம் ஆண்டுத் தொப்பியா?’ என்று கேட்கலாம்.